வெளியே மூடுபனி, பெட்டிக்குள் வறட்சி: முட்டை பொரிக்க ஈரம் பார்ப்பது எப்படி?



ரெஜிபோம் பெட்டியில் மின்குமிழ் பொருத்தி வீட்டிலேயே கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கும் பழக்கம் நம் லயங்களிலும் சில வீடுகளில் இருக்கிறது. நல்ல காரியம்தான். அடைக்கோழி 21 நாள் உட்கார்ந்து, பிறகு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு திரிந்தால் அந்தக் காலமெல்லாம் அது முட்டையிடாது. பெட்டியில் பொரிக்க வைத்தால் கோழி சீக்கிரம் மறுபடியும் முட்டைக்கு வரும். பிள்ளைகளுக்கும் முட்டை, கைக்கும் நாலு காசு.

ஆனால் நம் காதுக்கு அடிக்கடி வரும் கவலை ஒன்று உண்டு. "மூணு கிழமையா பாத்துப் பாத்து வச்சோம். குஞ்சு முழுசா வளந்து ஓட்டுக்குள்ளேயே செத்துப்போச்சு" என்பதுதான் அது. கண்ணூறு பட்டுவிட்டது என்பார் சிலர். முட்டை கொடுத்த பக்கத்துக் காம்பராக்காரரோடு சண்டைக்குப் போவார் வேறு சிலர். சூட்டைப் பார்க்கிறோம், முட்டையைத் திருப்பி விடுகிறோம், ஆனால் ஈரத்தை யாரும் பார்ப்பதில்லை. முழுதாக வளர்ந்த குஞ்சு கடைசி நேரத்தில் சாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, பெட்டிக்குள் ஈரம் கூடியோ குறைந்தோ போவதுதான்.

முட்டைக்கு ஈரம் எதற்கு?

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துவாரங்கள் உண்டு. அவற்றின் வழியாக உள்ளே இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது. அதனால் முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை நாளுக்கு நாள் பெரிதாகிறது. ஓட்டை உடைக்கும் முன் குஞ்சு முதல் மூச்சை எடுப்பது அந்தக் காற்றறையில்தான்.

பெட்டியில் ஈரம் கூடினால் நீர் போதிய அளவு வெளியேறாது. காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதி, மூச்சு முட்டிச் சாகும். ஈரம் குறைந்தால் முட்டை மிதமிஞ்சி வற்றிவிடும். உள்தோல் காய்ந்து தோல் போலக் குஞ்சை இறுக்கிப் பிடிக்கும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். ஆனால் தாய்க்கோழி இல்லாத பெட்டியில் அதன் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

பனி பெய்யும் ஊரில் வறட்சி எப்படி?

"நம்ம பக்கம் எந்நேரமும் மழையும் பனியும்தானே, பெட்டிக்குத் தண்ணி எதுக்கு?" என்று கேட்பீர்கள். தேயிலை பெக்டரியில் மழைக்காலத்தில் என்ன செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஈரக் கொழுந்தை வாட்டுவதற்கு, வெளியே இருக்கும் காற்றைச் சூடாக்கி, கொழுந்துக்கு அடியில் விசிறியால் விடுகிறார்கள். சூடான காற்று கொழுந்தின் ஈரத்தை உறிஞ்சுகிறது. காற்றில் இருந்த நீர் எங்கும் போய்விடவில்லை. சூடேறியதும் காற்றுக்குத் தாகம் கூடிவிடுகிறது, அவ்வளவுதான். நம் பெட்டிக்குள் நடப்பதும் இதேதான். இங்கே உறிஞ்சப்படுவது முட்டையின் ஈரம்.

கணக்கையும் பாருங்கள். நுவரெலியாப் பக்கத்து மூடுபனிக் காற்று 15 பாகை செல்சியஸில் இருந்தால் அதன் ஈரப்பதன் 100 சதவீதம். அதே காற்றைப் பெட்டியில் 37.5 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 26 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். கொழும்பில் 28 பாகையும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்றை அப்படிச் சூடாக்கினாலும் 47 சதவீதம் அளவில் நிற்கும். ஆகவே கொழும்பிலிருக்கும் சொந்தக்காரர் "ஒரு சின்னக் கோப்பைத் தண்ணி காணும்" என்று சொன்னால் அது அவர் ஊருக்குச் சரி, நமக்குப் போதாது. உயரமான இடத்தில் முட்டையிலிருந்து நீராவி இன்னும் இலகுவாக வெளியேறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வேண்டிய அளவு

முதல் 18 நாள்: ஈரப்பதன் 50 முதல் 55 சதவீதம்.
கடைசி 3 நாள்: 65 முதல் 70 சதவீதம்.
சூடு: விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 பாகை. விசிறி இல்லாத பெட்டிக்கு, முட்டையின் மேல் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் 38.5 பாகை.

அளப்பது எப்படி?

1. சின்ன மீட்டர்: ஈரப்பதன் காட்டும் சிறிய மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விட்டுக் களி போலக் குழையுங்கள். மீட்டரையும் மூடியையும் ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்துக் காற்றுப் போகாமல் கட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அந்த மீட்டர் 5 குறைத்துக் காட்டுகிறது என்று கணக்கில் வையுங்கள்.

2. இரண்டு வெப்பமானி: ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதன் குமிழில் வெள்ளைப் பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் மறுமுனையைத் தண்ணீர்ப் போத்தலில் விடுங்கள். ஈர வெப்பமானி மற்றதைவிடக் குறைவாகக் காட்டும். முதல் 18 நாளும் அந்த வித்தியாசம் சுமார் 9 பாகையும், கடைசி 3 நாளும் சுமார் 5 பாகையும் இருந்தால் ஈரம் சரி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

3. தராசு: இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமானது, ஏனென்றால் முட்டையே பதில் சொல்லும். வைக்கும் நாளில் ஒவ்வொரு முட்டையையும் நிறுத்து, அதன் நிறையை ஓட்டிலேயே பென்சிலால் எழுதுங்கள். 18ஆம் நாளில் 100க்கு 11 முதல் 13 பங்கு குறைந்திருக்க வேண்டும். 50 கிராம் முட்டை என்றால் 7ஆம் நாள் சுமார் 48, 14ஆம் நாள் 45 அல்லது 46, 18ஆம் நாள் 44 கிராம் அளவில் நிற்கும். இதைவிட வேகமாகக் குறைந்தால் ஈரத்தைக் கூட்டுங்கள். மெதுவாகக் குறைந்தால் ஈரத்தைக் குறையுங்கள். நிறுக்கும் அன்றே இருட்டில் டோர்ச் பிடித்துக் காற்றறையையும் பாருங்கள். 7ஆம் நாளில் நரம்பு ஓடாமல் தெளிவாகத் தெரிவது கூமுட்டை, எடுத்துவிடலாம்.

கூட்டுவதும் குறைப்பதும்

தண்ணீரின் ஆழத்தால் ஈரம் கூடாது, அதன் பரப்பளவால்தான் கூடும். ஆழமான கோப்பையைவிட அகன்ற தட்டே நல்லது. இன்னும் வேண்டுமென்றால் இரண்டாவது தட்டு வையுங்கள், அல்லது தட்டில் சுத்தமான ஸ்பொஞ்ச் துண்டு ஒன்றை நிறுத்தி வையுங்கள். ஈரம் கூடினால் சின்னத் தட்டாக மாற்றுங்கள். ஈரத்தைப் பிடித்து வைக்க நினைத்துக் காற்றுத் துவாரத்தை மட்டும் அடைக்க வேண்டாம். உள்ளே வளரும் குஞ்சுக்கும் மூச்சு வேண்டும்.

கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் பெட்டியின் சூடு இறங்கும். தட்டைக் கம்பி வலைக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் பொரித்த குஞ்சு விழுந்து செத்துவிடும்.

முக்கிய எச்சரிக்கை: தண்ணீர் ஊற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டே கையை விடுங்கள். மின்குமிழ், வயர்த் தொடுப்பு எதுவும் தண்ணீர்த் தட்டுக்கு மேலே தொங்கக் கூடாது. பத்துக் குஞ்சு போனால் மறுபடி வைக்கலாம், வீட்டில் ஒரு உயிர் போனால் திரும்ப வராது. சிறு பிள்ளைகளைப் பெட்டிக்குக் கிட்ட விடாதீர்கள்.

கடைசி மூன்று நாள்

18ஆம் நாள் முடிந்ததும் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, தண்ணீரைக் கூட்டி, பெட்டியை மூடிவிடுங்கள். பிறகு திறக்கவே கூடாது. ஒரு முட்டை கீறியதும் "என்னன்னு பாப்போம்" என்று மூடியைத் திறப்பது நம் எல்லோருக்கும் உள்ள ஆசை. திறந்த கையோடு ஈரச் சூட்டுக் காற்று வெளியே போய், குளிர் காற்று உள்ளே புகுந்து, சூடேறி வறண்டுவிடும். பாதி உடைத்த குஞ்சின் மேல் தோல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு அதற்குத் திரும்ப ஏலாது. பொரித்த குஞ்சு வயிற்றிலுள்ள மஞ்சள் கருவைக் கொண்டே ஒரு நாள் தீனி இல்லாமல் தாங்கும். ஆகவே அவசரப்பட வேண்டாம்.

பொரிக்காத முட்டையை உடைத்துப் பாருங்கள்

21ஆம் நாள் கழிந்தும் இரண்டு நாள் பொறுங்கள். பொரிக்காததை வீசாமல் வெளியே கொண்டுபோய் உடையுங்கள். குஞ்சு ஊதி, தொப்புள் மூடாமல், பசை போன்ற ஈரத்தில் கிடந்தால் ஈரம் கூடிவிட்டது. சிறுத்து, தோலோடு ஒட்டிக் காய்ந்திருந்தால் ஈரம் போதவில்லை. குஞ்சே உருவாகாத முட்டைக்கு ஈரம் காரணமல்ல. சேவல் சேராதது, முட்டை பழசாகிப் போனது போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

பார்த்ததை ஒரு கொப்பித் தாளில் நாள், நிறை, தட்டின் அளவு என்று எழுதி வையுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அந்தப் பொறுப்பை அதனிடமே கொடுக்கலாம். அடுத்த முறை பெட்டியில் எவ்வளவு தண்ணீர் வைப்பது என்பதை அந்தத் தாளே சொல்லும். பக்கத்து வீட்டாரோடு சண்டைக்குப் போகத் தேவை இருக்காது.