கிட் கேட்கும் பராமரிப்புக் கேள்விகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கல்லூரி புராஜெக்ட் செய்யும் மாணவர் முதல் நிறுவனங்களில் மென்பொருள் எழுதுபவர் வரை பெரும்பாலோர் தங்கள் உழைப்பைக் கிட் மென்பொருளிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கியது இது. சுருக்கலாமா, நீக்கலாமா என்று அது அவ்வப்போது கேட்கும்போது பலர் பதறிப்போகிறார்கள். அந்தப் பதற்றத்தில், எங்கோ பார்த்த கட்டளையை அப்படியே அடித்து, மீட்டிருக்கக்கூடிய வேலையைப் பறிகொடுப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இந்த விளக்கம்.

கிட் ஜியுஐயைத் திறந்தாலே ‘ஏறத்தாழ இத்தனை உதிரி ஆப்ஜெக்டுகள் உள்ளன, தரவுத்தளத்தைச் சுருக்கலாமா?’ என்கிறது. ‘ஆம்’ கொடுத்தால் என் கோடு அழிந்துவிடுமா?

அழியாது. தைரியமாக ‘ஆம்’ கொடுங்கள்.

நீங்கள் ஒரு கோப்பை ஆட் செய்யும்போதும் கமிட் போடும்போதும் கிட் அதைத் தனித்தனிச் சிறு கோப்புகளாக எழுதி வைக்கிறது. இவைதான் உதிரி ஆப்ஜெக்டுகள். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் வேகம் குறையும், இடமும் வீணாகும். சுருக்கச் சொன்னால் அவற்றை ஒரே பேக் கோப்பில் சேர்த்துக் கட்டுகிறது. ஒன்றுபோல் இருக்கும் பதிப்புகளுக்கு இடையே மாறிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்வதால் அளவும் வெகுவாகக் குறையும். உங்கள் பிராஞ்ச், டேக், ஸ்டேஜ் செய்தவை எல்லாம் அப்படியே இருக்கும். நீங்கள் திறந்து எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகளை அது தொடுவதே இல்லை.

‘ஏறத்தாழ’ என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஆப்ஜெக்டுகள் அவற்றின் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பொறுத்து 256 அடைவுகளில் பிரிந்து கிடக்கும். எல்லாவற்றையும் எண்ணினால் நேரமாகும். அதனால் கிட் ‘17’ என்ற ஒரே அடைவை மட்டும் எட்டிப்பார்க்கிறது. அதில் 27க்கு மேல் கோப்புகள் இருந்தால், மொத்தம் 6700ஐத் தாண்டியிருக்கும் என்று கணித்துத் தானாகவே சுருக்கத் தொடங்கும். கிட் ஜியுஐ இதே முறையில் மாதிரி பார்த்தாலும் அதன் வரம்பு இதைவிட மிகக் குறைவு. அதனால்தான் கிட் சும்மா இருக்கும்போதும் ஜியுஐ கேட்கிறது.

‘ஆம்’ கொடுத்துச் சுருக்கிய பிறகும் மறுபடி மறுபடி கேட்கிறதே?

அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். ரீபேஸ் செய்தது, அமெண்ட் செய்தது, நீக்கிய பிராஞ்ச் எல்லாம் பழைய கமிட்டுகளை அநாதையாக விட்டுச் செல்கின்றன. கிட் அவற்றை உடனே தூக்கி எறிவதில்லை. ரெஃப்லாக் என்ற குறிப்பேட்டில் வழக்கமான பதிவுகள் 90 நாள் இருக்கும். எந்தப் பிராஞ்சிலிருந்தும் எட்ட முடியாதவற்றின் பதிவுகள் 30 நாள் இருக்கும். அதற்குப் பிறகும், இரண்டு வாரத்துக்கு உட்பட்ட ஆப்ஜெக்டுகளைக் கிட் அழிக்காது. பழைய பதிப்புகள் இவற்றைப் பேக்கில் சேர்க்காமல் உதிரியாகவே விட்டதால், எண்ணிக்கை குறையாமல் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. 2023இல் வந்த 2.41 பதிப்பு முதல் இந்த அநாதை ஆப்ஜெக்டுகளுக்கும் தனி பேக் உண்டு. ஆகவே கிட்டைப் புதுப்பித்தாலே பலருக்குத் தொல்லை தீர்ந்துவிடும்.

புதுப்பிக்க முடியாதவர்கள் ‘ஜியுஐ.ஜிசிவார்னிங்’ என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் அந்தக் கேள்விப் பெட்டி வராது. சுருக்கிச் சுத்தம் செய்யும் ‘கிட் ஜிசி’ கட்டளைக்கான ‘ஜிசி.ஆட்டோ’ அமைப்பைப் பூஜ்யமாக்கச் சொல்லும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். கிட் தானாகச் செய்துவரும் சுத்தமும் அதோடு நின்றுபோகும்.

‘எட்ட முடியாத ஆப்ஜெக்டுகள் அதிகம், ப்ரூன் செய்யவும்’ என்று எச்சரிக்கை வருகிறது. ‘ப்ரூன் நௌ’ கொடுத்து ஒரேயடியாக நீக்கிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். மேலே சொன்ன அவகாசம் உங்களுக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. தவறுதலாக ட்ராப் செய்த ஸ்டாஷ், ஆட் செய்துவிட்டு கமிட் போடாமல் ஹார்ட் ரீசெட்டில் தொலைத்த கோப்பு போன்றவற்றுக்கு ரெஃப்லாக் கைகொடுக்காது. அந்த உதிரி ஆப்ஜெக்டுகளில் தேடித்தான் மீட்க வேண்டும். ‘ப்ரூன் நௌ’ அந்தக் கடைசி வாய்ப்பையும் அழித்துவிடும். வேறொரு சாளரத்தில் கமிட் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைக் கொடுத்தால் ரெப்போவே பழுதாகும் ஆபத்தும் உண்டு.

எதையாவது தொலைத்துவிட்டோம் என்ற சந்தேகம் துளியளவு இருந்தாலும், முதலில் முழு ரெப்போவையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். தேடி முடித்த பிறகு, நௌ சேர்க்காமல் சாதாரண ‘கிட் ஜிசி’ போதும். இந்த எச்சரிக்கை ‘ஜிசி.லாக்’ என்ற கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அது இருக்கும்வரை, இயல்பாக ஒரு நாள், தானியங்கிச் சுத்தம் நடக்காது. காரணத்தைச் சரிசெய்துவிட்டு அந்தக் கோப்பை நீக்கலாம்.

விண்டோஸில் ‘கோப்பை நீக்க முடியவில்லை, மீண்டும் முயலவா? ஒய்/என்’ என்று கேட்டு நிற்கிறது.

பழைய பேக் கோப்பை வேறு ஏதோ நிரல் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் எடிட்டராகவோ வைரஸ் தடுப்பு மென்பொருளாகவோ இருக்கும். எடிட்டரை மூடிவிட்டு ‘ஒய்’ அழுத்துங்கள். அப்படியும் கேட்டால் ‘என்’ கொடுங்கள். புதிய பேக் எழுதி முடிந்த பிறகுதான் பழையதை நீக்கும் வேலை தொடங்குகிறது என்பதால், வட்டில் கொஞ்சம் இடம் வீணாவதைத் தவிர நட்டம் இல்லை. அந்தக் கோப்பை நீங்களாக எக்ஸ்ப்ளோரரில் போய் அழிப்பதுதான் தவறு.

பின்னணியில் சுருக்குவதாகச் சொல்லும்போது லேப்டாப்பை மூடலாமா?

மூடலாம். பாதியில் நின்றால் ஒரு தற்காலிகக் கோப்பு மிஞ்சும், அவ்வளவுதான்.

இந்தக் கேள்விகளே வராமல் செய்ய வழி உண்டா?

பெரிய ரெப்போ வைத்திருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ‘கிட் மெயின்டெனன்ஸ் ஸ்டார்ட்’. மெயின்டெனன்ஸ் கட்டளை 2020இல் வந்தது. ரெப்போவுக்குள் நின்று ஒருமுறை கொடுத்தால் போதும். இயங்குதளத்தின் நேர அட்டவணையில் பதிவாகி, மணிக்கொருமுறை, நாளுக்கொருமுறை என்று சிறு சிறு வேலைகளாகப் பிரித்துச் செய்துகொள்ளும். உதிரிகளைப் பேக்கில் சேர்ப்பது அன்றாட வேலைகளில் ஒன்று. அதன் இயல்பு அட்டவணையில் ‘ஜிசி’ கிடையாது. ஆகவே அநாதை ஆப்ஜெக்டுகளையும் அது தானாக அழிக்காது. இடம் மிச்சமாக வேண்டுமென்றால், நாம் நேரம் பார்த்து ‘கிட் ஜிசி’ கொடுத்துக்கொள்ளலாம்.