களர் நிலத்தில் எருச்சத்து நிலையாததேன்?

வண்டி வண்டியாகத் தொழுஉரம் இட்டும் பயிர் தேறவில்லையென்று களர் நிலமுடைய குடியானவர்கள் முறையிடுவதுண்டு. அந்நிலங்களில் மழைநீர் காப்பி நிறமாய்த் தேங்கும். வற்றியபின் மேலே கரிய படிவொன்று காணும். இதை வளத்தின் அறிகுறியென்று சிலர் எண்ணுவர். உண்மை யாதெனில், காசு செலவிட்டு இட்ட எருவின் மக்குச்சத்தே கரைந்து நிலத்தைவிட்டு நீங்குகின்றது.

இதன் காரணம் மக்கின் இயல்பில் உள்ளது. 1786-ஆம் ஆண்டில் ஆக்கார்டு என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர், சதுப்புநிலத்து மக்கிய மண்ணைக் காரநீரில் ஊறவைத்துக் கருநிறச் சாற்றைப் பிரித்தார். அச்சாற்றில் திராவகம் விட்டதும் கரும்பொருள் திரிந்து அடியிற் படிந்தது. மக்கில் மூவகைப் பொருள்கள் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒன்று காரத்திற் கரைந்து அமிலத்திற் படிவது. மற்றொன்று இரண்டிலும் கரைவது. மூன்றாவது எதிலும் கரையாதது.

சாதாரண நிலத்தில் சுண்ணாம்புச்சத்து மக்கைக் களிமண்ணோடு பிணைத்து வைக்கும். களர் நிலத்தில் சோடியம் அவ்விடத்தைக் கவர்ந்துகொள்வதால் பிணைப்பு தளர்ந்து, மக்கு நீரிற் கலந்து ஓடுகிறது. இதை வீட்டிலேயே காணலாம். எருவிட்ட மண்ணை இரு கண்ணாடிக் குவளைகளில் இட்டு, ஒன்றில் வெறும் நீரும், மற்றதில் சிறிது சலவைச்சோடா கலந்த நீரும் ஊற்றிக் கலக்கி வையுங்கள். மறுநாட் காலையில் சோடா நீர் கருத்திருக்கும்.

நீலகிரி போன்ற மழைமிகுந்த மலைநிலங்களின் நிலைமை வேறு. அங்கு மண் புளிப்புடையது. மக்கின் பெரும்பகுதி கரையாது தங்குமாயினும், புளிப்பினாலும் குளிரினாலும் நுண்ணுயிர்களின் வேலை மந்தப்பட்டு, தழைச்சத்து பயிருக்கு மெதுவாகவே கிட்டும். அத்தகைய மண்ணுக்குச் சுண்ணாம்பு ஏற்றது. எனினும் தேயிலை புளிப்பு மண்ணையே விரும்புமாதலால், பயிரறிந்து இடவேண்டும்.

களர் நிலத்துக்குச் சுண்ணாம்பு உதவாது. காரமிகுதியால் அது அங்குக் கரைவதில்லை. அதற்கு வேண்டியது ஜிப்சம். வரப்புகளை உயர்த்தி, ஜிப்சத்தைத் தூவி உழுது, நல்ல நீரைத் தேக்கிப் பின் வடித்துவிடவேண்டும். வடிகால் இல்லையேல் செலவெல்லாம் வீணே. அதன்பின் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்குந் தருணத்தில் மடக்கி உழுதால் மக்கு நிலைபெறும்.

ஆகையால், சங்கத்தின் மூலம் சுண்ணாம்போ ஜிப்சமோ மொத்தமாகத் தருவிக்குமுன், ஒவ்வோர் அங்கத்தினரின் மண்ணையும் பரிசோதிக்கச் செய்தல் அவசியம். புளிப்பு, காரங்களைக் காட்டும் குறியெண் 7 ஆயின் மண் நடுநிலையுடையது; அதற்குக் கீழ் புளிப்பு, மேல் காரம். குறியெண் 8.5-க்கு மேற்சென்றால் களரென்று ஐயுற்று, சோடியத்தின் அளவையும் அறியவேண்டும். ஒரே ஊரிலும் வயலுக்கு வயல் இது மாறும். அயலார் வயலைப் பார்த்து மருந்து வாங்குவது, பிறர் நாடியைப் பார்த்து நாம் மருந்துண்பதை ஒக்கும்.