வராத மாணவனைத் தேடுவது யார்?

கல்லூரியை விட்டு ஒரு மாணவன் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் காலை வகுப்புக்குப் பிந்தி வருகிறான். பிறகு வாரத்தில் இரண்டு நாள் காணோம். உள்தேர்வு ஒன்றை எழுதவில்லை. பரீட்சைக் கட்டணத்துக்கான கடைசித் தேதி போய்விடுகிறது. வருகை குறைந்தவர்களின் பட்டியலைப் பலகையில் ஒட்டும்போதுதான், "இந்தப் பையன் எங்கே?" என்ற கேள்வி பிறக்கிறது. அதற்குள் அவன் ஏதாவதொரு கடையில் பில் போட்டுக் கொண்டிருப்பான். அல்லது வெளிநாட்டு வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருப்பான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வோர் அடையாளமும் யாராவது ஒருவருக்குத் தெரிந்தே இருந்தது. வராதது ஆசிரியருக்குத் தெரியும். பணம் கட்டாதது ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தெரியும். சாப்பிட வராதது விடுதிக்குத் தெரியும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்தான் ஒருவருமில்லை. இவற்றை ஓரிடத்தில் கம்ப்யூட்டரில் சேர்த்து, வேளையோடு எச்சரிக்கும் ஏற்பாட்டைத்தான் மாணவர் துணைக் கண்காணிப்பு முறை என்கிறார்கள்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012-இல் இதை ஆரம்பித்தது. 800-க்கும் மேற்பட்ட அபாய அறிகுறிகளைக் கம்ப்யூட்டர் கவனித்தது. கம்ப்யூட்டரோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதே கவனிக்கத் தக்கது. மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே 42 ஆலோசகர்களைப் புதிதாக நியமித்தார்கள். சிறு பாக்கித் தொகையால் பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்தவர்களுக்கு அந்தத் தொகையைக் கல்லூரியே கொடுத்தது. மணி அடித்தால் மட்டும் போதுமா? கதவைத் திறக்க ஆள் வேண்டாமா?

இதே கருவி தவறான கையிலும் சிக்கியதுண்டு. அமெரிக்காவின் மவுண்ட் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, தேறமாட்டார்கள் எனத் தோன்றுபவர்களை ஆரம்பத்திலேயே அனுப்பிவிட்டால் தேர்ச்சிக் கணக்கு அழகாக இருக்கும் என்று யோசித்தார்கள். விஷயம் வெளியானதும் ஒரே அமளி. 2016-இல் தலைவர் பதவி விலகினார்.

நம் நாட்டில் கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் 'நாக்' குழு, 2017-இல், ஒரு வழிகாட்டி ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேட்கத் தொடங்கியது. மாணவருக்கொரு நோட்டுப் புத்தகமும் பல கல்லூரிகளில் உண்டு. குழு வருகிற வாரத்தில் அவசரமாக நிரம்பும் நோட்டுகளும் உண்டு. அது தனிக் கதை.

காரைக்காலுக்கு வருவோம். நாகை, மயிலாடுதுறை மாவட்டங்கள் சூழ்ந்து நிற்க, தலைநகர் புதுச்சேரியோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சிறு பிரதேசம். 2011 கணக்கெடுப்பில் ஜனத்தொகை சுமார் 2 லட்சம். அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரி, ஔவையார் அரசு மகளிர் கல்லூரி, பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி, திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் என்று, ஊரின் அளவுக்குப் படிப்பிடங்கள் தாராளந்தான்.

ஆனால் இங்கே ஆஜர்ப் பட்டியலை வயலும் கடலும் சேர்ந்து எழுதுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை. தையில் அறுவடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகை நம்பிய குடும்பத்தில் வருமானம் நிற்கும் அந்தச் சமயத்தில்தான் ஆண்டு இறுதிப் பரீட்சைகளும் வருகின்றன. அட்லாண்டாவில் செய்த கம்ப்யூட்டருக்குச் சிவப்பு விளக்குப் போடத் தெரியலாம். கிளிஞ்சல்மேட்டுப் பையன் ஏன் வரவில்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்? பட்டினச்சேரியை அறிந்த ஆசிரியருக்குத்தான் தெரியும். ஆகையால் காரணம் எழுதுவதற்கு ஒரு கட்டமும், அதை எழுத ஒரு மனிதரும் அவசியம்.

யார் யார் அந்தக் கட்டத்தைப் பார்க்கலாம் என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வீட்டுக் கஷ்டம் வகுப்பறைப் பேச்சாகிவிட்டால், மறுநாள் அந்தப் பெண் நிச்சயம் வரமாட்டாள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. முதலாண்டு வகுப்பில் 17 வயதுக்காரர்கள் பலர்.

இத்தனைக்கும் முன்னால் ஒரு சிறிய வேலை இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் இருக்கும் தொலைபேசி எண், பல சமயம், விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கடைக்காரருடையது. பருவத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்க்க வேண்டும். அந்த எண்ணில் பேசினால் வீட்டில் யாராவது எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.