அரிய பூச்சி என்று எப்போது சொல்லலாம்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், இரவில் விளக்கைச் சுற்றும் பழுப்பு நிறப் பூச்சிகளைப் பலரும் பார்த்திருப்போம். எல்லாமே அந்துப்பூச்சி என்று நினைத்துவிடுகிறோம். அவற்றில் சில, பக்கத்து ஓடையில் வளர்ந்து வெளிவந்த கேடிஸ் பூச்சிகளாக இருக்கலாம்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அந்துப்பூச்சியின் இறகைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும், அவை செதில்கள். கேடிஸ் பூச்சியின் இறகில் செதிலுக்குப் பதிலாக மெல்லிய மயிர் இருக்கும். உட்காரும்போது இறகுகளைக் கூரைபோல் சரித்து வைத்துக்கொள்ளும். தேன் உறிஞ்சும் சுருள்குழல் இதற்குக் கிடையாது.

இதன் புழுப்பருவம் தண்ணீருக்குள் கழிகிறது. பல வகைப் புழுக்கள் பட்டு நூலால் மணலையும் இலைத்துண்டையும் ஒட்டிக் கூடு கட்டும். சில, நீரோட்டத்தில் வலை விரித்து உணவு பிடிக்கும். 1834-இல் அமெரிக்க அறிஞர் ஐசக் லீ, சுருண்ட மணற்கூடு ஒன்றை நத்தை என்றே எண்ணிப் பெயரிட்டார். அது கேடிஸ் புழுவின் வீடு என்பது பிறகே தெரிந்தது.

உலகில் இதுவரை 16,000-க்கும் மேற்பட்ட கேடிஸ் இனங்கள் பதிவாகியுள்ளன. ஒன்றை உறுதியாக அடையாளம் காண நிறம் போதாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆஸ்திரிய அறிஞர் ஹான்ஸ் மாலிக்கி 2010-இல் வெளியிட்ட தென்கிழக்காசியப் படத்தொகுப்பு, இவ்வுறுப்புகளின் கோட்டோவியங்களைக் கொண்டே இனங்களைக் காட்டுகிறது.

சரி, ஓடையில் கிடைத்த புழு எந்தப் பூச்சியின் பிள்ளை? வளர்ச்சி முற்றிய கூட்டுப்புழுவிடம் விடை இருக்கிறது. அதன் தோலுக்குள் பூச்சியின் உறுப்புகள் உருவாகியிருக்கும். புழுவாக இருந்தபோது கழற்றிய தோலின் துண்டுகளும் அதே கூட்டுக்குள் கிடக்கும். தாயையும் பிள்ளையையும் இணைக்க இன்று மரபணுச் சோதனையும் உதவுகிறது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். தூய்மையான நீரோடைக்கு இப்பூச்சிகள் ஓர் அளவுகோல். ஆனால் எல்லா இனமும் ஒன்றல்ல. சில இனங்கள் அசுத்தத்தையும் தாங்கும். சில இனங்கள் தாங்காமல் முதலில் மறையும். வெறுமனே ‘கேடிஸ் இருக்கிறது’ என்று எழுதினால் ஓடையின் நிலை புரியாது.

கேமரன் மலையில் இது சாதாரண விஷயமல்ல. காட்டை அழித்துச் சரிவுகளைத் திறந்ததால் மண் அரித்து ஆறுகளில் இறங்குகிறது. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் வண்டல் குவிந்தது ஊரறிந்த செய்தி. 2013 அக்டோபரில் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வந்த சேற்று வெள்ளம் உயிர்களைப் பறித்தது. வண்டல் கல்லிடுக்கை மூடுகிறது; புழுவின் வலையை அடைக்கிறது.

ஒரே ஒரு பூச்சி கிடைத்தது என்பதற்காக அதை அரியது என்று சொல்லிவிட முடியாது. யாரும் தேடாததாலும் ஓரினம் அரிதாகத் தோன்றலாம். பல ஓடைகளில், பல பருவங்களில் தேடி, ஒவ்வொன்றுக்கும் இடமும் நாளும் குறித்த பிறகே அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு. அந்தத் தேடலுக்கு ஓடைகள் தெளிவாக இருக்க வேண்டும். சேறு மூடிய பிறகு, அங்கே எது வாழ்ந்தது என்று சொல்ல சாட்சியே இருக்காது.