மின்னஞ்சல் கருவியின் ஆவணமும் நன்னூலின் பத்துக் குற்றங்களும்

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் வழியாக ஏலக்காய் விற்பனையாகிறது. அங்குக் கொள்முதல் செய்யும் வணிகர் ஒருவர், வெளியூர் வாடிக்கையாளர்க்கு விலைமடல் அனுப்பும் பணியைச் செயற்கை நுண்ணறிவு முகவர் மென்பொருளிடம் ஒப்படைப்பதாகக் கொள்வோம். அம்மென்பொருள் மின்னஞ்சல் கருவியை அறிவது அதன் பயன்பாட்டு ஆவணத்தின் வழியாகவே. ஐயம் எழுந்தால் அடுத்த கடையில் கேட்டறிய அதற்கு வழியில்லை. ஆவணத்தின் தரத்தை மதிப்பிட நன்னூல் கூறும் பத்துக் குற்றங்கள் இங்கு உதவும்.

அவற்றுள் கேடு மிகுந்தது குன்றக் கூறல். 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5321 என்னும் அஞ்சல் நெறிமுறை, 4இல் தொடங்கும் விடையெண்ணைத் தற்காலிகத் தடை எனவும், 5இல் தொடங்குவதை நிலையான மறுப்பு எனவும் பிரிக்கிறது. முன்னதற்கு மீண்டும் முயலலாம். பின்னதற்கு அம்மடலையே மீண்டும் அனுப்புதல் கூடாது. இவ்வேறுபாட்டை விடுத்துப் ‘பிழை நேர்ந்தது’ என்று மட்டும் உரைக்கும் ஆவணம் முகவரைத் தடுமாறச் செய்யும்.

இதனினும் நுட்பமானது, மடலை ஏற்ற வழங்கியின் விடை வந்துசேருமுன் இணைப்பு அறுபடும் நிலை. அனுப்பிய பக்கத்தில் தோல்வியாகத் தோன்றும், மடலோ சென்றிருக்கும். மறுமுயற்சியில் ஒரே விலைமடல் இருமுறை சேர, பெறுபவர் அவற்றை இருவேறு சரக்குகளுக்கு உரியனவாகக் கருதக்கூடும். 1988இலேயே ஆர்எஃப்சி 1047 இச்சிக்கலை விளக்கியுள்ளது. மறுமுயற்சி குறித்து ஒரு வரியேனும் கூறாத ஆவணம், எடுத்துக்காட்டுகள் எத்துணை மிகினும், தரமானதன்று. அதனோடு ஒப்பிட, மிகைபடக் கூறல் சிறு குற்றமே.