தள்ளி நின்று பார்ப்போம்

ருவாண்டாவின் மலைக்காட்டில் ஒரு கொரில்லாக் கூட்டத்தை நாளொன்றுக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம். அதுவும் ஒரு மணி நேரம்தான். வெளிநாட்டவருக்குக் கட்டணம் ஆளுக்கு 1,500 டாலர். சளி, காய்ச்சல் இருந்தால் அனுமதி இல்லை. நமக்கு வந்து போகும் சளி கொரில்லாவின் உயிரையே எடுத்துவிடலாம். 1980களில் விருங்கா மலைகளில் 250 அளவுக்குச் சுருங்கியிருந்த மலைக் கொரில்லா, உகாண்டாவின் பிவிண்டிக் காட்டையும் சேர்த்து இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. காவலர்களும் கால்நடை மருத்துவர்களும் பட்ட பாட்டின் பலன் அது. அந்தக் காவலுக்குக் கைகொடுத்தது, கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுப் பார்க்க வந்தவர்களின் பணம்.

இந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். பட்டாசு ஆலைகள் நிறைந்த நம் விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணைக் கரிசலுக்கு மேற்கே உள்ள மலைக்காடு 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. அங்கும் வாழும் சிங்கவால் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லை. மொத்தமே சில ஆயிரம்தான். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிறு குஞ்சம். மரத்துக்கு மரம் தாவி, பழத்தைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு, உச்சிக்கிளையிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் பிராணி அது. ஆனால் அதே மலைத்தொடரில் உள்ள வால்பாறையின் புதுத்தோட்டத்தில், தேயிலைக்காகக் காடு துண்டுபட்டதால், அது தரையிறங்கிச் சாலையைக் கடக்கிறது. கிளைகளுக்கிடையே பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கார் கண்ணாடி வழியே பிஸ்கட் நீட்டும் கை இருக்கும்வரை, குரங்கு பாலத்தை விட்டுச் சாலைக்குத்தான் வரும். சக்கரத்தில் சிக்கிச் சாகும்.

வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் கொடுப்பது புண்ணியமில்லையா என்பார்கள். அந்த இரக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே ஆண்டுகள் பிடிக்கும் இனத்தில், ஒரு தாய் அடிபட்டால் அந்த இழப்பை ஈடுகட்ட நெடுங்காலம் ஆகும். கொரில்லாக்களையும் மனித நடமாட்டத்துக்குப் பழக்கினார்கள். தீனி போட்டு அல்ல, நாள்தோறும் பொறுமையாகத் தள்ளி அமர்ந்து. கட்டுப்பாடு வந்தால் காடு பணக்காரருக்கு மட்டும் என்றாகிவிடாதா என்பது இன்னும் நியாயமான கேள்வி. 1,500 டாலரை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆள் கணக்கையும் நேரத்தையும் தூரத்தையும் எடுத்துக்கொண்டால் போதும். சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்கள் வனத்துறை வைத்த நேரத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் ஏறுகிறார்கள். பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதி எதற்கென்று இந்தப் பக்கத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? விடுமுறைக்கு வால்பாறை போகிறவர்கள் குரங்கைக் கண்டால் வண்டியின் வேகத்தைக் குறையுங்கள். பிஸ்கட் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள்.