பொறுப்பைப் பிரித்தளிக்கும் முறை

நூல் மூட்டைகள் சங்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. தறிகளும் ஆயத்தமாயிருக்கின்றன. ஆயினும் தலைவர் வெளியூர் சென்றிருப்பதால் நூல் பட்டுவாடா நடைபெறவில்லை. இரண்டு நாள் தறி நின்றால் நெசவாளிக்கு இரண்டு நாள் கூலி நஷ்டம். மற்றொரு சங்கத்திலோ, தலைவர் யாவற்றையும் காரியதரிசியிடம் விட்டுவிட்டு, காட்டிய இடத்தில் கையொப்பமிடுவதோடு நின்றுவிடுகிறார். ஆண்டு முடிவில் சரக்கிருப்பைச் சரிபார்க்கும்போதுதான் குறைவு வெளிப்படுகிறது. முன்னவர் எதையும் விடவில்லை. பின்னவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். இரண்டிலும் நஷ்டமடைபவர்கள் அங்கத்தினர்களே. ஆகவே, வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கும் முறையை நாம் நன்கு அறிந்துகொள்வது அவசியமாகிறது.

இதற்குப் பாடம் தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. நமது புதுவையின் சரித்திரமே போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்து ஏற்றுமதி செய்த சரக்குகளில் முதன்மையானது நம் நெசவாளர் நெய்த துணியே. கம்பெனியின் கவர்னர் ஊர் ஊராகச் சென்று துணி வாங்க இயலாது. ஆகவே வர்த்தகர்களுடன் பேசி ஒப்பந்தம் முடிப்பதும், குறித்த காலத்தில் துணி வந்து சேரும்படி பார்ப்பதும் தலைமைத் துபாஷியின் பொறுப்பாக இருந்தன. அப்பதவியை வகித்தவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு, அக்கால நிர்வாகம் நடந்த விதத்தை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

பிள்ளைக்கு உயர்ந்த பதவி திடீரென வந்துவிடவில்லை. கவர்னர் லெனுவார் காலத்திலேயே, பரங்கிப்பேட்டையிலிருந்த பிரெஞ்சுப் பண்டகசாலையின் நிர்வாகம் அவரிடம் விடப்பட்டது. சிறிய பொறுப்பில் ஒருவரின் திறமையைக் கண்டறிந்து, பின்னர் பெரிய பொறுப்பைக் கொடுப்பது நல்ல முறை. திருக்குறளிலும் ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரம் முன்னும், ‘தெரிந்து வினையாடல்’ என்னும் அதிகாரம் பின்னுமாக அமைந்திருப்பதை நாம் காண்கிறோம். ஆளை அறிவது முதற்படி. வேலையை அவரிடம் விடுவது அடுத்த படி.

1746-ஆம் ஆண்டில் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் காலமானார். பிள்ளை அப்பதவியில் நியமிக்கப்பட்டதோ 1747-ஆம் ஆண்டில். இடைக்காலத்தில் அலுவல்கள் பிள்ளையிடம் வந்துகொண்டிருந்தன. பதவியை நாடி வேறு சிலரும் முயன்றுகொண்டிருந்தனர். வேலை ஒருவரிடம் இருக்க, அதற்குரிய அதிகாரம் இன்னாருடையது என்று தீர்மானமாகாவிட்டால், செய்பவருக்கு உறுதி எங்ஙனம் பிறக்கும்? அவருடன் கொடுக்கல் வாங்கல் செய்பவர்தாம் யார் சொல்லை நம்புவர்?

நியமனத்தோடு தொல்லை தீர்ந்துவிடவில்லை. கவர்னர் டூப்ளேயின் மனைவி தமிழ் அறிந்தவர். அவர் நிர்வாகக் காரியங்களில் தலையிட்டதைப் பிள்ளை தம் குறிப்பில் பலமுறை மனக்குறையுடன் எழுதியிருக்கிறார். ஒரு வேலைக்கு இரண்டு வாசல்கள் இருந்தால், ஒரு வாசலில் கிடைக்காததை மற்றொன்றில் பெற மனிதர் முயல்வது இயல்பு.

டூப்ளேயின் சொந்த வரலாறும் ஒரு பாடமே. அவருக்கு மேலே பிரான்சில் கம்பெனியின் டைரக்டர்கள் இருந்தனர். கப்பலில் ஒரு கடிதம் வந்துசேர ஏறக்குறைய ஆறு மாதம். பதில் போய்ச்சேர மேலும் அவ்வளவு காலம். இங்கு நடந்த போர்களையும் அவற்றின் செலவையும் அவர்கள் காலங்கடந்தே அறிந்தார்கள். 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். கம்பெனிக்காகத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டதாகக் கூறி அதைத் திரும்பப் பெற வழக்காடியும் பயனின்றி, 1763-இல் வறுமையில் உயிர்நீத்தார். எல்லை வகுக்காமலும் அவ்வப்போது கணக்குக் கேளாமலும் கொடுக்கப்படும் அதிகாரம், கொடுத்தவருக்கும் நன்மை செய்வதில்லை. பெற்றவருக்கும் நன்மை செய்வதில்லை.

இவற்றை நம் சங்கங்களுக்குப் பொருத்திப் பார்ப்போம். நூல் வழங்குபவர் யார், நெய்த துணியின் தரம் பார்ப்பவர் யார், விற்பனையைக் கவனிப்பவர் யார் என்பதை நிர்வாக சபை தீர்மானித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவேண்டும். விவசாயச் சங்கமாயின் உரம் கொடுப்பதற்கும், நெல்லை எடைபோட்டு ரசீது கொடுப்பதற்கும் அவ்வாறே ஏற்பாடு வேண்டும். ஒவ்வொருவரும் எவ்வளவு தொகைவரை, எவ்வளவு சரக்குவரை பிறரைக் கேளாமல் செய்யலாம் என்பதும் குறிக்கப்படவேண்டும். அவ்வெல்லைக்குள் அவர் செய்யும் வேலையில் தலைவர் நாள்தோறும் குறுக்கிடலாகாது. ஆனால் வாரத்துக்கொருமுறை இருப்பும் கணக்கும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதைத் தவறவிடவும் கூடாது.

அங்கத்தினர்களாகிய நமக்கும் இதில் கடமை உண்டு. தரம் பார்ப்பவர் ஒரு துணியைக் குறைத்து மதித்தால், உடனே தலைவர் வீட்டுக்கு ஓடி விலையை உயர்த்திக்கொள்ள முயல்வது, நாமே இரண்டாவது வாசலைத் திறப்பதாகும். குறையிருந்தால் எழுதிக்கொடுத்து, நிர்வாக சபையின் முன் முறையாக விசாரணை கேட்போம்.

ஒன்றை மறத்தலாகாது. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். அதற்குப் பதில் சொல்லும் கடமையை ஒப்படைக்க முடியாது. நூல் குறைந்தால் நூல் வழங்குபவர் தலைவருக்குப் பதில் சொல்லவேண்டும். பொதுக்குழுவுக்குப் பதில் சொல்லவேண்டியவர் தலைவரே. அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில், தலைவர் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால் சங்கத்தில் எந்தெந்த வேலை நின்றுபோகும் என்று ஒரு பட்டியல் எழுதிப் பார்க்கட்டும். பிரித்தளிக்கவேண்டிய பொறுப்புகள் எவை என்பது அப்பட்டியலிலேயே விளங்கிவிடும்.